பூச்சிச் சேகரிப்பிலிருந்து புனைவுக்கு: எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும் பூச்சிகள், அங்கே உள்ளவற்றில் மிகச் சிறிய பங்கே ஆகும். மற்றவை பூட்டிய அலமாரிகளுக்குள், கண்ணாடி மூடிய தட்டையான இழுப்பறைகளில், வரிசை வரிசையாக ஊசியில் குத்தப்பட்டு இருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி மாதிரிகள் உள்ளன. அவற்றுள் 3 கோடிக்கும் மேற்பட்டவை பூச்சிகள். இவ்வளவு பெரிய களஞ்சியத்தைக் கதையாசிரியர்களும் கவிஞர்களும் பெரும்பாலும் நிறங்களுக்காகவே நாடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. சிறகின் பளபளப்பைப் பற்றி எழுதுவதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை. அங்கே மட்டுமே கிடைப்பது வேறொன்று: ஒவ்வொரு பூச்சிக்கும் அடியில், அதே ஊசியில், விரல் நகத்தளவே உள்ள ஒரு சீட்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் கையில் இந்த உயிர் அகப்பட்டது என்பதை அது சொல்கிறது. எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு விதியின்மேல் நிற்கிறது. தெரிந்த உண்மையை மாற்றக் கூடாது. தெரியாத இடத்தில் மட்டுமே கற்பனை செய்ய வேண்டும். இது கையைக் கட்டிப்போடும் விதியாகத் தோன்றலாம். ஆனால் தொடர்ந்து எழுதிப் பார்ப்பவர்கள், எல்லை தெரிந்த இடத்தில்தான் கற்பனை துணிச்சலாக நடக்கிறது என்பதை உணர்வார்கள்.

முதல் படி: ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்தல்

"பட்டாம்பூச்சிகள்" என்ற தலைப்பில் கதை எழுத முடியாது. ஒரு குறிப்பிட்ட பட்டாம்பூச்சியைப் பற்றி எழுதலாம். ஆகவே ஓர் இனத்தை அல்ல, ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அருகில் அருங்காட்சியகமோ, பூச்சியியல் துறை உள்ள கல்லூரியோ இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஜிபிஐஎஃப் என்னும் உலகளாவிய உயிரினத் தரவுத்தளத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பல, சீட்டுடன் கூடிய ஒளிப்படத்தையும் கொண்டவை. தேடும்போது "பாதுகாக்கப்பட்ட மாதிரி", "படம் உள்ளது" ஆகிய இரண்டு வடிகட்டிகளையும் இட்டுத் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அழகானதைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் தனிப்பட்ட பரிந்துரை. நீலச் சிறகுள்ள பட்டாம்பூச்சியைப் பற்றி வாசகர் ஏற்கெனவே நூறு வரிகள் படித்திருப்பார். ஒரு பழுப்பு நிற அந்துப்பூச்சி, கால் ஒடிந்த ஒரு வண்டு, அட்டை நுனியில் பசையிட்டு ஒட்டப்பட்ட கடுகளவு குளவி ஆகியவற்றைப் பற்றி அவர் எதுவும் படித்திருக்க மாட்டார்.

இரண்டாம் படி: சீட்டைப் படித்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் ஊசியில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே இருப்பது பெரும்பாலும் இடம், தேதி, உயரம், பிடித்தவரின் பெயர் ஆகியவற்றைத் தரும். தேதியில் மாதத்தை உரோமன் எண்ணால் குறிப்பது பூச்சியியலாளர்களின் பழைய வழக்கம். ஐந்தாம் மாதத்தின் ஏழாம் நாளையும், ஏழாம் மாதத்தின் ஐந்தாம் நாளையும் நாடு மாறினாலும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. அடுத்த சீட்டு, எந்த இனம் என்று தீர்மானித்தவரின் பெயரையும் ஆண்டையும் தரும். பிற்காலத்தில் வேறொருவர் அந்த முடிவை மாற்றினால் பழைய சீட்டை அகற்ற மாட்டார். தம் சீட்டைக் கீழே சேர்ப்பார். ஓர் இனத்தின் பெயருக்கே ஆதாரமாக நிற்கும் மாதிரியை ஹோலோடைப் என்பார்கள். அதற்குப் பெரும்பாலும் சிவப்பு நிறச் சீட்டு இருக்கும்.

பயிற்சிக்காக ஒரு சீட்டை நானே கற்பனையாக எழுதித் தருகிறேன். "மலைச்சரிவு, 1,400 மீ., விளக்கொளியில், மழை, 14 ஜூன் 1931." அதன் கீழே 1958ஆம் ஆண்டு இட்ட ஒரு பெயர். அதற்கும் கீழே 2004ஆம் ஆண்டு இட்ட வேறொரு பெயர். பூச்சி ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி. அதன் வலது நடுக்கால் இல்லை.

இதில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். 1931 ஜூன் 14 அமாவாசையை ஒட்டிய இரவு. இணையத்தில் உள்ள எந்த நிலாக் கணிப்பானும் இதைச் சில நொடிகளில் சொல்லிவிடும். நிலவில்லாத, மேகம் மூடிய, வெதுவெதுப்பான இரவில்தான் அந்துப்பூச்சிகள் விளக்குக்கு மிகுதியாக வரும் என்பது சேகரிப்போர் அனைவருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே அந்த மனிதர் தற்செயலாக அங்கே இருக்கவில்லை. நாள் பார்த்துப் போயிருக்கிறார். சரி, சீட்டில் இடம் மிகக் குறைவாக இருந்தும் "மழை" என்ற சொல்லை ஏன் எழுதினார்? விளக்கையும் வெள்ளைத் துணியையும் அந்தச் சரிவில் சுமந்து ஏறியவர் யார்? அவர் பெயர் ஏன் இல்லை? 1958இல் பெயரிட்டவர் அந்த மலையைப் பார்த்திருக்கவே தேவையில்லை. அவருக்கு அது ஓர் அஞ்சல் பெட்டியில் வந்த பூச்சி. 2004இல் வந்தவர் அவர் முடிவைத் தவறு என்கிறார். ஒருவேளை மரபணுவைப் படிப்பதற்காக அந்தக் காலை எடுத்தவரும் அவராகவே இருக்கலாம், ஏனெனில் பழைய மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ எடுக்க ஒரு காலைப் பயன்படுத்துவது வழக்கம். நான்கு மனிதர்கள், எழுபத்து மூன்று ஆண்டுகள், ஒரு பூச்சி. இவர்களில் சிலர் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. ஒரு சிறுகதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

சீட்டில் பெயர் இல்லாதவர்களைப் பற்றிய கேள்வியை எளிதில் விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் 1,25,660 மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் 83,000க்கும் மேற்பட்டவை வண்டுகள். போர்னியோ தீவின் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பல ஆண்டுகள் அவருடன் பயணம் செய்து, சமைத்து, நோயில் பார்த்துக்கொண்டு, மாதிரிகளைச் சேர்த்தும் பதப்படுத்தியும் தந்தார். வாலஸ் தம் எழுத்துகளில் அலியை நன்றியுடன் குறிப்பிடுகிறார். ஆனால் அலமாரிகளில் அந்தச் சேகரிப்பு வாலஸின் பெயரில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: உடலைப் பார்த்தல்

பூச்சியின் முன் இருபது நிமிடம் உட்கார்ந்து, உவமை எதுவும் இல்லாமல், காண்பதை மட்டும் எழுதுங்கள். "போல" என்ற சொல்லுக்கு இந்தக் கட்டத்தில் அனுமதி இல்லை. வரையத் தெரியாவிட்டாலும் ஒரு கோட்டோவியம் வரையுங்கள். கை வரையத் தயங்கும் இடமே கண் சரியாகப் பார்க்காத இடம்.

எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் இருபது நிமிடம் போதாது. வண்டுகளை எப்போதும் வலது முன்சிறகின் வழியாகவே குத்துவார்கள். ஈக்களை நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்துவார்கள். ஊசி ஒரு பக்கத்தைச் சேதப்படுத்தினாலும் மறுபக்கம் ஆராய்ச்சிக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். பழைய பித்தளை ஊசிகளில், பூச்சியின் உடலில் உள்ள கொழுப்போடு செம்பு வினைபுரிந்து, பச்சை நிறக் களிம்பு பூத்திருக்கும். சில நேரம் அது மார்பையே பிளந்துவிடும். இழுப்பறையின் அடியில் நுண்ணிய பழுப்புத் தூள் கிடந்தால், அருங்காட்சியக வண்டின் புழு உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். இறந்த பூச்சிகளைத் தின்று வாழும் அந்த உயிரினத்தைத் தடுக்க ஒரு காலத்தில் நாஃப்தலீனைப் பயன்படுத்தினார்கள்; இப்போது மாதிரிகளை உறைகுளிரில் வைத்து எடுக்கிறார்கள். பூச்சிகளின் களஞ்சியத்தைப் பூச்சியிடமிருந்தே காப்பதுதான் காப்பாளரின் முதன்மையான வேலை.

நான்காம் படி: உயிரியலைக் கற்றல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களின் எழுத்து உடனே அடையாளம் தெரிந்துவிடும். வேலைக்கார எறும்பை "அவன்" என்பார்கள். அவை அனைத்தும் பெண்கள். தேனீயைப் பெருமூச்சு விடவைப்பார்கள். பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை, உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாகக் காற்று நேரே திசுக்களுக்குச் செல்கிறது. தேனீ சிவப்புப் பூவைக் கண்டு மயங்குவதாக எழுதுவார்கள். அதற்குச் சிவப்பு தெரியாது, நமக்குத் தெரியாத புறஊதா நிறம் தெரியும். சுவர்க்கோழிகளின் காது முன்னங்காலில் இருக்கிறது. பட்டாம்பூச்சி காலால் சுவை அறிகிறது. இவற்றைத் தகவலாகக் கதையில் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றை அறிந்தவரின் வாக்கியம் வேறு இடத்தில் கால் ஊன்றும்.

தேய்ந்துபோன உருவகங்களையும் அறிவியலே உடைத்துத் தரும். புழு பட்டாம்பூச்சியாவதைப் பழைய வாழ்வை முற்றிலும் மறந்து புதிதாகப் பிறப்பதாகவே இதுவரை எழுதிவந்திருக்கிறோம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், புகையிலைக் கொம்புப்புழுக்களுக்கு ஒரு வாசனையையும் இலேசான மின்னதிர்வையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். கூட்டுப்புழுவாகி, உடல் பெருமளவு கலைந்து மீண்டும் அமைந்து, அந்துப்பூச்சியாக வெளிவந்த பிறகும், புழுப்பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பழக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்த வாசனையைத் தவிர்த்தன. உருமாற்றத்துக்குப் பிறகும் வலி நினைவிருக்கிறது என்றால், அந்த உருவகத்தை வைத்து நீங்கள் எழுதவிருந்த கவிதை முழுவதும் மாறியாக வேண்டும்.

கதைப்பின்னலைக் கற்றுக்கொள்ளவும் பூச்சியியலைவிட நல்ல இடம் குறைவு. பெரிய நீலன் என்ற பட்டாம்பூச்சியின் புழு சில வாரம் காட்டுப் பூக்களைத் தின்றபின் தரையில் விழுகிறது. ஒரு குறிப்பிட்ட வகைச் சிவப்பெறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணிப் புற்றுக்குள் தூக்கிச் செல்கிறது. உள்ளே போன புழு பல மாதங்கள் அந்த எறும்பின் குஞ்சுகளையே தின்று வளர்கிறது. பிரிட்டனில் இந்தப் பட்டாம்பூச்சி குறைந்தபோது, சேகரிப்போரின் பேராசையே காரணம் என்று கருதி ஓரிடத்தில் வேலி போட்டார்கள். வேலி ஆட்களைத் தடுத்ததோடு மேயும் விலங்குகளையும் தடுத்தது. 1950களில் ஒரு வைரஸ் நோய் காட்டுமுயல்களைக் கொன்றது. மேய்ச்சல் இல்லாததால் புல் உயர்ந்தது. புல் உயர்ந்ததால் மண் குளிர்ந்தது. வெப்பமான மண்ணை நாடும் அந்த எறும்பு ஒழிந்தது. 1979இல் பட்டாம்பூச்சியும் அந்நாட்டில் அற்றுப்போனது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்தக் காரணச் சங்கிலியைக் கண்டறிந்தபின், 1980களில் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து மீண்டும் குடியமர்த்தினார்கள். இதில் வில்லன் என்று ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்லெண்ணத்தோடு போட்ட வேலியே அழிவின் ஒரு கண்ணியாகிறது. ஒவ்வொரு நிகழ்வும் முந்தையதன் விளைவாக வருகிறது. "அதன்பின்" என்பதற்குப் பதில் "அதனால்" என்று வரும் கதைகள் இப்படித்தான் அமைகின்றன.

ஐந்தாம் படி: இடைவெளியைக் கண்டுபிடித்தல்

ஒரு தாளில் மூன்று பத்திகள் இடுங்கள். உறுதியாகத் தெரிந்தவை முதல் பத்தியில். யாருக்கும் தெரியாதவை இரண்டாவதில். உங்களுக்கு மட்டும் தெரியாமல் வேறு எங்கோ பதிவாகியிருக்கக் கூடியவை மூன்றாவதில். மூன்றாம் பத்தியைத் தேடிப் படித்துக் காலி செய்த பிறகே இரண்டாம் பத்திக்குள் கற்பனை நுழையலாம்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். இந்தோனேசியாவின் பச்சான் தீவில் வாலஸ் கண்டெடுத்த ஒரு கரிய தேனீ, உலகின் மிகப் பெரிய தேனீ. சுமார் 4 சென்டிமீட்டர் நீளமும் மிகப் பெரிய தாடைகளும் உடையது. அதற்குப் பிறகு 1981 வரை எந்த அறிவியலாளரும் அதைக் காணவில்லை. அந்த ஆண்டில் ஆடம் மெஸ்ஸர் என்ற ஆய்வாளர், மரத்தில் கட்டப்பட்ட கரையான் கூடுகளுக்குள் அது வாழ்வதையும், கரையான் நுழையாதபடி மரப்பிசினால் தன் அறைக்குப் பூச்சு இடுவதையும் கண்டார். மீண்டும் நீண்ட மௌனம். 2018இல் ஒரு மாதிரி இணைய ஏலத்தில் 9,100 டாலருக்கு விற்கப்பட்டது. 2019இல்தான் உயிருள்ள ஒன்றை முதன்முறையாக ஒளிப்படம் எடுத்தார்கள். அறிவியல் காணாத அந்த நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்தத் தீவின் மக்கள் அதைக் காணவில்லை என்று சொல்ல முடியுமா? ஓர் எழுத்தாளருக்குரிய இடைவெளி அது.

மற்றொன்று, மார்கரெட் ஃபவுன்டெய்ன். 1862இல் பிறந்து 1940இல் இறந்த இவர், உலகின் பல பகுதிகளில் சேகரித்த ஏறத்தாழ 22,000 பட்டாம்பூச்சிகளை இங்கிலாந்தின் நாரிச் அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். கூடவே முத்திரையிட்ட ஒரு கருப்புப் பெட்டி. 1978 ஏப்ரல் 15க்கு முன் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை. திறந்தபோது உள்ளே பன்னிரண்டு நாட்குறிப்புத் தொகுதிகள் இருந்தன. காதலும் பயணமும் ஏமாற்றமும் நிறைந்தவை. பெட்டி திறக்கும்வரை அந்தப் பட்டாம்பூச்சிகள் வெறும் இடப்பெயர்களும் தேதிகளுமாகவே இருந்தன. நீங்கள் எடுத்துக்கொண்ட மாதிரியைப் பிடித்தவருக்கும் திறக்கப்படாத ஒரு பெட்டி இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு சீட்டை மறுபடி படியுங்கள்.

ஆறாம் படி: வடிவத்தைத் தீர்மானித்தல்

பொருள் கையில் வந்தபின் வடிவம் அதிகத் தொல்லை தராது. சீட்டின் கட்டமைப்பையே வடிவமாக்கிக்கொள்ளலாம்: இடம், தேதி, உயரம், வானிலை, பிடித்தவர் என்ற ஐந்து வரிகளில் ஒரு கவிதை. அருங்காட்சியகப் பட்டியலின் பதிவுகளாகவே ஒரு சிறுகதை எழுதலாம். ஒவ்வொரு பதிவும் ஒரு மாதிரியின் விவரமாகத் தொடங்கி, பதிவு எழுதுபவரின் வாழ்க்கை மெல்ல மெல்லக் கசிந்துவரும். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் இரண்டு வகைப்பாட்டியலாளர்கள் ஒரு பெயருக்காக இருபது ஆண்டு கடிதத்தில் சண்டையிடும் கதை நகைச்சுவைக்கு மிகவும் ஏற்றது. அந்தத் துறையின் உண்மையான சண்டைகள் அவ்வளவு காரமானவை.

பூச்சியே "நான்" என்று பேசும் உத்தியை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது மனித மனத்துக்கு ஆறு கால் ஒட்டவைத்ததாகவே முடிகிறது. அதைவிட, பூச்சியை நோக்கிப் பேசுவது நமக்குப் பழகிய வழி. தும்பியை விளித்துக் கேள்வி கேட்பதும் தூது விடுவதும் சங்கப் பாடல்களிலிருந்தே வரும் மரபு. விளிக்கப்படும் தும்பி பதில் சொல்லத் தேவையில்லை என்பதே அந்த மரபின் பலம்.

அறிவியலும் புனைவும் ஒரே கையில் இருக்க முடியாது என்று கருதுவோர் விளாதிமிர் நபக்கோவை நினைத்துப் பார்க்கலாம். நாவலாசிரியரான அவர் 1940களில் ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் நீலன் பட்டாம்பூச்சிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். தென் அமெரிக்காவில் உள்ள அந்த இனங்கள் ஆசியாவிலிருந்து பேரிங் நீரிணை வழியாகப் பல அலைகளாக வந்தவை என்று 1945இல் ஊகித்தார். 2011இல் வந்த மரபணு ஆய்வு அதை உறுதிசெய்தது.

ஏழாம் படி: கொலையையும் அதிகாரத்தையும் மறைக்காதிருத்தல்

ஊசியில் இருக்கும் ஒவ்வொரு பூச்சியும் கொல்லப்பட்டது. இதைச் சொல்லாமல் எழுதுவது பொய். இதை மட்டுமே சொல்லி அழுவதும் பாதி உண்மைதான். 1940களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மணல்மேடுகளிலிருந்து அற்றுப்போன செர்சீஸ் நீலன் தனி இனமா, வேறொன்றின் வகையா என்ற கேள்விக்கு, சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் 93 ஆண்டுகள் இருந்த ஒரு மாதிரியின் டிஎன்ஏ மூலம் 2021இல் தனி இனம்தான் என்ற விடை கிடைத்தது. அந்தப் பூச்சியை 1928இல் யாரோ கொன்றிராவிட்டால் இந்த விடை இல்லை. அந்த இனம் அழிந்ததற்கு முதன்மைக் காரணம் வலையுடன் திரிந்தவர்கள் அல்ல. மணல்மேடுகளை மூடிய நகரம்.

அதிகாரத்தின் கணக்கு இன்னும் சிக்கலானது. பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மேரியான் 1699இல், தம் 52ஆம் வயதில், மகளுடன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென் அமெரிக்காவில் உள்ள சுரினாமுக்குக் கப்பலேறினார். பூச்சிகளின் உருமாற்றத்தை அவற்றின் உணவுச் செடிகளோடு சேர்த்து வரைந்து 1705இல் வெளியிட்டார். அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் உழைப்பும் அறிவும் அந்தப் படங்களுக்குள் இருக்கின்றன. மயிற்கொன்றையின் விதைகளைக் கொண்டு அடிமைப் பெண்கள் கருவைக் கலைத்துக்கொண்டார்கள் என்றும், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாக வேண்டாம் என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள் என்றும் அவர்களே சொன்னதாக மேரியான் பதிவு செய்திருக்கிறார். ஒரு புழுவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு இது. இத்தகைய குறிப்பைக் கண்டால் புழுவை விட்டுவிட்டு அந்தப் பெண்களின் பின்னால் போகத் தயங்காதீர்கள்.

எட்டாம் படி: எழுதுதலும் திருத்துதலும்

முதல் வரைவை வேகமாக எழுதிவிடுங்கள். திருத்தும்போது முதலில் பெயரடைகளை வெட்டுங்கள். மரகதக் குளவி கரப்பான்பூச்சியின் மூளையில் கொட்டி, அதன் உணர்கொம்பைப் பாதியாகக் கடித்து, எஞ்சிய கொம்பைப் பிடித்துத் தன் வளைக்கு நடத்திக்கொண்டு போய், அதன்மேல் முட்டையிட்டு வாயிலைக் கற்களால் அடைக்கிறது. இந்த வாக்கியத்தில் "கொடூரமான" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். உடனே பலம் குறைந்துவிடும். வினைச்சொற்கள் சரியாக இருந்தால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு உயிரியல் செய்தியையும் அடிக்கோடிட்டு, எங்கே படித்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். ஆதாரம் கிடைக்காதவற்றை நீக்குங்கள், அல்லது பூச்சியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அருங்காட்சியகக் காப்பாளர்கள் இத்தகைய கேள்விகளுக்கு, கேள்வி குறிப்பாக இருந்தால், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் எழுதுவார்கள். "பட்டாம்பூச்சிகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். மாதிரியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, சீட்டில் படிக்க முடியாத சொல் எது என்று கேளுங்கள்.

படைப்பை வெளியிடும்போது, எது உண்மை, எது உங்கள் கற்பனை என்று இரண்டு வரியில் இறுதிக் குறிப்பு ஒன்று சேர்ப்பது நல்லது. உண்மையான சேகரிப்பாளரின் பெயரைப் பயன்படுத்தி, அவர் செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதுவதைவிடக் கற்பனைப் பெயர் இடுவதே நேர்மை. மாதிரியின் ஒளிப்படத்தையும் சேர்த்து வெளியிடுவதானால், ஜிபிஐஎஃப் பதிவின் கீழேயே உரிம விவரம் இருக்கும். சில படங்களை யாரும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்கு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும், சிலவற்றை விற்பனைக்கான நூலில் பயன்படுத்தக் கூடாது.